‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு? இலவச வார்டுக்கு வரும் இரத்தமும் தர உறுதியும்

2018 டிசம்பர் முதல் வாரத்தில், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஓர் அலகு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து, சோதிக்கப்பட்ட இரத்தம் என்ற நிலையில்தான் அது வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தாமே இரத்த வங்கிக்கு வந்து தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016-இல் அவர் ஏற்கெனவே இரத்ததானம் செய்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது என்பதும், அந்த முடிவு அவரைச் சென்று சேரவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. நஞ்சருந்திய அவர் அந்த மாத இறுதியில் மதுரை அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார். ஆய்வகப் பணியாளர்கள் மூவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்த நிகழ்வைப் பொதுவெளி ஒரு ‘கவனக்குறைவு’ என்ற சொல்லில் முடித்துக்கொண்டது. அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு மனிதரின் கவனம் தவறினால் அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்காகவே ஆய்வகங்களில் ‘தர உறுதி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. சாத்தூரில் மூன்று பேர் தவறினார்கள் என்பதைவிட, அவர்களின் தவறைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை என்பதே பெரிய செய்தி. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அது ஏன் ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைப் பிரச்சினை, அதைச் சட்டத்தின் வழியே எப்படிக் கோருவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியச் சட்டத்தில் மனித இரத்தம் ஒரு ‘மருந்து’. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன் கீழான 1945-ஆம் ஆண்டின் விதிகளும் இரத்த வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அவை ‘இரத்த மையங்கள்’ என்று அழைக்கப்படுகின்றன. தானமாகப் பெறப்படும் ஒவ்வோர் அலகும் ஐந்து தொற்றுகளுக்குச் சோதிக்கப்பட வேண்டும்: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. எச்.ஐ.வி. சோதனை 1989-இலும், ஹெபடைட்டிஸ் சி சோதனை 2001-இலும் கட்டாயமாயின.

இந்தக் கட்டமைப்பு தானாக உருவானதன்று. ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஜனவரி 4 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பே தேசிய, மாநில இரத்தமாற்றுக் குழுமங்கள் அமைவதற்குக் காரணமாயிற்று. பணத்துக்காக இரத்தம் கொடுக்கும் முறையை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. பசிக்காக இரத்தம் விற்றவர்கள் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஏழையின் உடல் இரத்தம் எடுக்கப்படும் இடமாக இருந்தது. இன்று கேள்வி, அதே ஏழையின் உடலில் ஏற்றப்படும் இரத்தத்தைப் பற்றியது.

சோதனை நடப்பதும், சரியாக நடப்பதும்

ஐந்து சோதனைகளும் செய்யப்பட்டன என்று ஒரு பதிவேடு சொல்லலாம். அவை சரியாகச் செய்யப்பட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டும். அந்தச் சான்றை உருவாக்கும் முறையே தர உறுதி.

எலைசா சோதனையை எடுத்துக்கொள்வோம். சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டில் தானமளித்தவர்களின் மாதிரிகள் இடப்படுகின்றன. தொற்று இருந்தால் அந்தக் குழி நிறம் மாறும். அந்நிறத்தின் அடர்த்தியை ஒரு கருவி அளக்கும். இதில் தவறு நுழையும் வழிகள் பல. சோதனைக் கிட்டுகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மின்தடையின்போது குளிர் குறைந்தால் அவற்றின் வேதிப்பொருள் வலுவிழக்கும். துளி அளக்கும் பிப்பெட் பிசகினால் மாதிரியின் அளவு குறையும். தட்டு சரியாகக் கழுவப்படாவிட்டால் முடிவு மாறும். குழாயின் மீது ஒட்டிய எண் மாறினால் ஒருவரின் முடிவு மற்றவரின் பைக்குப் போகும். கையால் எழுதும் பதிவேட்டில் ஒரு வரி தள்ளிப்போனாலும் அதே விளைவுதான்.

இவற்றைப் பிடிப்பதற்கு நான்கு அரண்கள் உள்ளன.

முதலாவது, உள்தரக் கட்டுப்பாடு. கிட்டுடன் நிறுவனம் அனுப்பும் கட்டுப்பாட்டு மாதிரிகள் போதா. தொற்று மிகக் குறைந்த அளவில் இருப்பதாக முன்பே அறியப்பட்ட ஒரு மாதிரியை, ஆய்வகம் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். வலுவான தொற்றை வலுவிழந்த கிட்டும் காட்டிவிடும். மெல்லிய தொற்றைத் தவறவிடும்போதுதான் கிட்டின் குறை தெரியும். அந்த மாதிரியின் அளவீட்டை நாள்தோறும் வரைபடத்தில் குறித்துவந்தால், முடிவுகள் மெல்லச் சரிவதை விபத்து நேரும் முன்பே காணலாம். புதிய தொகுதி எண் கொண்ட கிட் வந்தால், அதைப் பழையதுடன் ஒப்பிட்ட பின்பே பயன்பாட்டுக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வெளித்தர மதிப்பீடு. ஒரு மேற்கோள் ஆய்வகம், முடிவு தனக்கு மட்டுமே தெரிந்த மாதிரிகளைக் குறியீட்டு எண்ணிட்டு அனுப்பும். இரத்த மையம் அவற்றைச் சோதித்து விடையளிக்க வேண்டும். தேர்வுத் தாள் போன்றது இது. அந்த மாதிரிகளை மையத்தின் மூத்த பணியாளர் தனியே அமர்ந்து இருமுறை சோதித்து அனுப்பினால் மதிப்பெண் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அன்றாட மாதிரிகளோடு, அன்று பணியில் இருப்பவரே, அன்றாட வேகத்திலேயே சோதித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. தவறிய விடைக்கான காரணம் என்ன, அதைச் சரிசெய்ய என்ன செய்யப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, விடுவிப்புக் கட்டுப்பாடு. சோதனை முடியாத பைகள் ஒரு குளிர்பெட்டியிலும், முடிந்தவை வேறு பெட்டியிலும் பூட்டில் இருக்க வேண்டும். ஐந்து முடிவுகளும் வந்து, இரண்டாவது ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பின்பே முத்திரை ஒட்டப்பட வேண்டும். பட்டைக் குறியீடும் கணினிப் பதிவும் இருந்தால், ஒரு முடிவு விடுபட்டாலும் பையை வெளியே விட அந்த மென்பொருளே மறுக்கும்.

நான்காவது, பின்தேடல். ஒருவருக்குத் தொற்று கண்டறியப்பட்டால், அவரை இரகசியமாக அழைத்து, ஆலோசனையளித்து, சிகிச்சையோடு இணைக்க வேண்டும். அவர் முன்பு கொடுத்த இரத்தம் யாருக்குச் சென்றது என்று தேட வேண்டும். அடுத்த முறை அவர் எந்த மையத்துக்கு வந்தாலும் அது தெரிய வேண்டும்.

சாத்தூர் நிகழ்வை இந்த நான்கின் வெளிச்சத்தில் பார்த்தால் உண்மை விளங்கும். 2016-இன் முடிவு அந்த இளைஞரைச் சென்றடையவில்லை. எனவே நான்காவது அரண் இல்லை. 2018-இல் அதே மனிதரின் இரத்தம் மீண்டும் பெறப்பட்டுப் பாதுகாப்பானது என்று வெளியே சென்றது; எனவே முதல் மூன்றும் அதைப் பிடிக்கவில்லை. பிடித்தவர் அந்த இளைஞர் ஒருவரே. முழு அமைப்பும் செய்யத் தவறியதைத் தன் நேர்மையால் செய்தவர் உயிரோடு இல்லை.

புதிய கருவி வந்தால் போதுமா?

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ‘நியூக்ளிக் அமிலச் சோதனை’யைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அதில் நியாயம் உண்டு. தொற்று உடலில் நுழைந்த பின், சோதனையில் தெரியாமல் இருக்கும் காலத்தைச் சாளரக் காலம் என்கிறோம். நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையில் எச்.ஐ.வி.க்கு இது ஏறக்குறைய மூன்று வாரம். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனையில் சுமார் பத்து, பதினொரு நாள். ஹெபடைட்டிஸ் சி-யில் வேறுபாடு இன்னும் பெரிது. இரண்டு மாதம் வரை நீளும் சாளரம் ஏறக்குறைய ஒரு வாரமாகச் சுருங்கும். நாடு தழுவிய அளவில் இச்சோதனை இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை. பெரும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, இலவச வார்டுக்கு மட்டும் ஏன் எட்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது சமத்துவக் கோரிக்கையே.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாத்தூர் இளைஞருக்கு 2016-லேயே தொற்று இருந்தது. இரண்டு ஆண்டுகளில் எந்தச் சாளரமும் திறந்திருக்க வாய்ப்பில்லை. சாதாரண எலைசா சோதனை ஒழுங்காக நடந்திருந்தாலே அது பிடிபட்டிருக்க வேண்டும். எனவே அங்கே தவறியது தொழில்நுட்பத்தின் எல்லை அன்று, தர உறுதி. அது இல்லாத ஆய்வகத்தில் கோடி ரூபாய்க் கருவியை வைத்தாலும், மாறி ஒட்டிய எண்ணை அக்கருவி திருத்தாது. கருவி வாங்குவதற்கு விழா எடுக்கலாம். பிப்பெட்டை ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் செய்வதற்கு எவரும் விழா எடுப்பதில்லை. அதனாலேயே அது விடுபடுகிறது.

இது ஏன் நம் பிரச்சினை?

இரத்தம் அனைவருக்கும் தேவைப்படும். ஆனால் அதன் ஆபத்து அனைவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். சத்தான உணவு கிட்டாமல், கருவுற்ற நிலையிலும் வயலிலும் சூளையிலும் உழைக்கும் பெண்ணே பிரசவத்தின்போது இரத்தத்தை நாடி நிற்கிறாள். தலசீமியா பாதித்த குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆபத்து புதிதாகத் தொடங்குகிறது. 2011-இல் குஜராத்தின் ஜூனாகத்தில் தலசீமியா பாதித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது வெளிவந்தது. 2025 அக்டோபரில், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம் மாவட்டத்தில், சாய்பாசா அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொண்ட தலசீமியா குழந்தைகளுக்கும் அதே தொற்று கண்டறியப்பட்டது. இரு செய்திகளுக்கும் இடையே 14 ஆண்டுகள்.

கிராமப்புற ஏழைக்கு இரத்தம் பெரும்பாலும் ‘இரத்த சேமிப்பு மையம்’ வழியாகவே கிடைக்கிறது. இந்த மையங்கள் சோதனை செய்வதில்லை; தாய் இரத்த வங்கி சோதித்து அனுப்புவதை வைத்திருந்து வழங்குகின்றன. ஆண்டுக்கு 2,000 அலகுகளுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் மையங்களுக்கு முழு உரிமத்திலிருந்து விதிகள் விலக்கும் அளித்துள்ளன. தொலைதூர ஊர்களில் இரத்தம் கிடைக்க இது தேவையான ஏற்பாடுதான். ஆயினும், தாய் வங்கியின் ஒரு தவறு பல ஊர்களின் பிரசவ அறைகளுக்குப் போய்ச் சேரும் என்பதே இதன் மறுபக்கம்.

பாதிப்பு நேர்ந்த பிறகு சட்டம் நடந்துகொள்ளும் விதத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவையளிக்கும் மருத்துவமனைகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அதாவது, பணம் கொடுத்தவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் வாசல் திறந்திருக்கிறது. பணம் இல்லாததால் அரசு மருத்துவமனைக்குப் போனவர், உரிமையியல் வழக்கையோ உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணையையோ நாட வேண்டும்.

2023 செப்டம்பரில், இராணுவ மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான முன்னாள் விமானப் படை வீரர் ஒருவருக்கு, சுமார் ஒரு கோடியே 54 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தவறு தானே பேசும் சூழலில், தாம் கவனத்தோடு நடந்துகொண்டதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சேரும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் அவ்வழக்கில் கையாண்டது. மகத்தான தீர்ப்பு அது. ஆனால் இரத்தம் ஏற்றப்பட்டது 2002-இல். தொற்று தெரிந்தது 2014-இல். நீதி கிடைத்தது 2023-இல். படைவீரருக்கே 21 ஆண்டுகள் என்றால், தினக்கூலிப் பெண் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பாள்? ஆகவேதான் சொல்கிறோம்: இலவச வார்டில் படுத்திருப்பவருக்கு, தவறு நேர்ந்தபின் கிடைக்கும் நிவாரணம் தொலைவில் இருக்கிறது, தவறைத் தடுக்கும் தர உறுதியே அவருக்கு உண்மையான சட்டப் பாதுகாப்பு.

பழியை இறக்கிவைக்கும் இடங்கள்

ஒவ்வொரு நிகழ்விலும் பழி இரண்டு இடங்களில் இறக்கிவைக்கப்படுகிறது. ஒன்று, ஆய்வக நுட்புநர். பல மையங்களில் அவர் ஒப்பந்த ஊழியர். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லாத இரவுப் பணியில் ஒருவரை நிறுத்திவிட்டு, தவறு நேர்ந்ததும் அவரை மட்டும் வெளியேற்றுவது தர உறுதி ஆகாது. தவறைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் உள்ள இடத்தில் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மீண்டும் நிகழும். நுட்புநரின் பணிப் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மற்றொன்று, தானமளிப்பவர். 2017-இல் வெளியான தானமளிப்போர் தேர்வு வழிகாட்டுதல்கள், திருநர்களையும், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும், பாலியல் தொழிலில் உள்ள பெண்களையும் நிரந்தரமாக விலக்கின. இது உச்சநீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. பிரிட்டன் 2021 முதல் அடையாளத்தை விட்டுவிட்டு ஒவ்வொருவரின் அண்மை நடத்தையை அளவுகோலாகக் கொண்டுள்ளது. பிறப்பையும் அடையாளத்தையும் வைத்து ஒருவரின் உடலைத் தீட்டு என்று ஒதுக்கும் சிந்தனை எங்கிருந்து வருகிறது என்பதை நாம் நன்கறிவோம். ஆய்வகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்ற கேள்விக்கு, ஒரு சமூகத்தை வாசலில் நிறுத்துவது விடையாகாது.

நாம் கோர வேண்டியவை

அங்கீகாரம் பெறுவதும், தேசிய உயிரியல் நிறுவனம் 2012 முதல் ஒருங்கிணைக்கும் இரத்தமாற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்வதும் இன்று இரத்த மையங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. விருப்பத்துக்கு விடப்பட்ட பாதுகாப்பு உரிமை ஆகாது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் உயிர் வாழும் உரிமை எந்த மையத்தின் விருப்பத்தையும் சார்ந்ததன்று. எனவே நம் கோரிக்கைகள் இவை:

வெளித்தர மதிப்பீட்டில் பங்கேற்பதையும் அதில் தேறுவதையும் உரிமம் பெறுவதற்கும் புதுப்பிப்பதற்கும் நிபந்தனையாக்க வேண்டும். அம்முடிவுகளை மையவாரியாகப் பொதுவில் வெளியிட வேண்டும். இரத்தமாற்றுக் கண்காணிப்புத் திட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இரகசியம் காக்கும் வகையில் தானமளித்தோர் பதிவை மையங்களிடையே இணைக்க வேண்டும். தொற்று கண்டறியப்பட்டவருக்குத் தகவலும் ஆலோசனையும் சேர்ந்ததற்கான பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பணி நேரத்திலும் சரிபார்க்க இரண்டாவது ஆள் இருக்கும் வகையில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோர் நீதிமன்றம் ஏறாமலே இழப்பீடும் சிகிச்சையும் பெறும் திட்டம் ஒன்று வேண்டும்.

இவற்றுக்காகக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் மாவட்ட அரசு இரத்த மையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த வெளித்தர மதிப்பீட்டில் பங்கேற்றீர்கள், முடிவு என்ன? தவறிய விடைகளுக்கு எடுத்த திருத்த நடவடிக்கை என்ன? புதிய தொகுதி கிட்டுகளைச் சரிபார்த்த பதிவு உள்ளதா? கருவிகள் கடைசியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட நாள் எது? ஆய்வக நுட்புநர் பணியிடங்களில் காலியானவை எத்தனை? தொற்று கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தகவல் சேர்ந்தது? எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். எவருடைய பெயரையும் கேட்காதீர்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

உறவினருக்கு இரத்தம் ஏற்றப்படும்போது, பையின் எண்ணும் இரத்த மையத்தின் பெயரும் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள், நீங்களும் குறித்துவையுங்கள். பின்னொரு நாளில் பின்தேடல் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். தொற்று நேர்ந்துவிட்டால், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. வழக்கில் பெயரை மறைக்கவும், விரைந்த விசாரணைக்கும் அது வழி செய்கிறது. மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் உரிமையையும் தருகிறது.

‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல் நோயாளிக்கு அரசு கொடுக்கும் வாக்கு. படிக்கத் தெரியாத தாயும் அந்தச் சொல்லை நம்பியே கையை நீட்டுகிறாள். அந்த வாக்குக்குச் சான்று காட்டு என்று அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அடுத்த பை ஏற்றப்படும் முன்பே அதைக் கேட்க வேண்டும்.